மூன்று என்று எழுதியவன்

என் தம்பி தெயுரி எங்கள் நாட்டுக்குத் தலைவரானதும், அவன் படித்து முன்னுக்கு வந்த கதையை ஆளாளுக்கு எழுதினார்கள். வெறுங்காலோடு மிஷன் பள்ளிக்கூடம் போனான், வாழையிலையில் முள்ளால் கணக்குப் போட்டுப் பழகினான், கம்பாலாவில் படித்தான், லண்டனில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினான், திட்ட அலுவலகத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தான், அமைச்சரானான், கடைசியில் தலைவரானான். எல்லாம் உண்மைதான். ஒரே ஒரு வரி மட்டும் பொய். 'வமைதாவின் மூன்று பிள்ளைகளில் ஒரே ஆண் பிள்ளை.' வமைதா எங்கள் அம்மா. நான் எழுத்துக் கற்றது முதியோர் வகுப்பில். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு வரியையும் விடமாட்டேன். அந்த வரி வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் நான்கு பேர். பிள்ளைகளை இப்படி எண்ணிச் சொல்வது எங்கள் ஊரான முகராரா மேட்டில் வழக்கமில்லை. பிள்ளையை எண்ணினாலும் ஆட்டை எண்ணினாலும் ஒன்று குறைந்துவிடும் என்பார்கள். பத்து என்று வாய்விட்டுச் சொல்லப் பயந்து 'நிறைந்த ஒன்பது' என்று சொல்கிற ஜனங்கள் நாங்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, இனிக் கண் பட்டு என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன். மூத்தவன் வஹோமே. அடுத்து நான், கதோனி. எனக்குப் பின் தெயுரி. கடைக்குட்டி வன்ஜுகு.

எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளை பிறந்தால் பெண்கள் ஐந்து முறை குலவை இடுவார்கள், பெண் பிறந்தால் மூன்று. எனக்கு ஏன் இரண்டு குறைந்தது என்று சின்ன வயதில் அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன். "உன் வாய்க்கு மூணே அதிகம்" என்று சொல்லிவிட்டு அவள் விறகு பொறுக்கப் போய்விட்டாள்.

இரண்டாவது மகனுக்கு அம்மாவின் தகப்பனார் பெயரை வைப்பது முறை. அதனால் அம்மா தெயுரியை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். "அப்பா, இங்க வா. அப்பா, மூக்கைச் சிந்து." அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே முதுகில் ஒன்று வைப்பாள். அதைக் கேட்டு நானும் வஹோமேயும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

வன்ஜுகு அம்மா வயிற்றில் இருக்கும்போதே எங்கள் தகப்பனார் காய்ச்சலில் போய்விட்டார். அதனால் வஹோமே ஆடு மேய்க்கப் போனான், நான் அம்மாவோடு மண்வெட்டி பிடித்தேன், படிப்பு தெயுரிக்கு வந்தது. அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது வஹோமேதான். தலைக்கு மேலாகக் கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தெயுரியின் கை எட்டவில்லை. வாத்தியார் அடுத்தவனைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில், வஹோமே தம்பியின் தலையைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினான். விரல் காதைத் தொட்டுவிட்டது. வாத்தியார் பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டார்.

எண்ணக் கற்றுக்கொண்ட புதிதில் தெயுரியின் தொல்லை தாங்காது. படியை எண்ணுவான், பானையை எண்ணுவான். ஒருநாள் சாயங்காலம் மந்தை வீடு திரும்பும்போது விரலை நீட்டி ஆடுகளை எண்ண ஆரம்பித்தான். வஹோமே அந்த விரலைப் பிடித்து மடக்கினான்.

"எண்ணாம எல்லாம் வந்துடுச்சான்னு எப்படிண்ணா தெரியும்?"

"எது இல்லைன்னு பார்க்கணும். எத்தனை இருக்குன்னு தெரிஞ்சு என்ன செய்யப்போற? காதுல கருப்பு மச்சம் இருக்கறவ இல்ல பாரு. போய்க் கூட்டிட்டு வா."

மச்சக்காரி ஓடைப் பக்கம் முள்ளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்கு அதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

குழப்பக் காலம் வந்தபோது வஹோமேக்கு இருபத்திரண்டு வயது. சுதந்திரம் கேட்டு நியாண்டருவா காட்டுக்குள் போனவர்களோடு அவனும் போனான். போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வருஷம் வெள்ளைக்காரனின் பட்டாளத்தார் மேட்டிலிருந்த எல்லா வீடுகளையும் கொளுத்தி, எங்களை ஒரே இடத்தில் அடைத்தார்கள். சுற்றிலும் ஆழமான அகழியைப் பெண்கள் நாங்களே வெட்டினோம். அடியில் கூர் சீவிய மூங்கிலை நாங்களே நட்டோம். தினமும் விடிந்ததும் வரிசையில் நிற்கவைத்து எங்களை எண்ணுவார்கள். ஒவ்வொரு தலையாகக் கம்பால் தொட்டு எண்ணுவான் ஒருவன். ஜென்மத்தில் யாரும் எங்களை எண்ணியதில்லை. அந்தக் கம்பு பட்ட இடத்தை அம்மா நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

குடும்பத்தைப் பதிவு செய்த முதல் நாள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். ஒரு மகன் காட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால் நிலம் போகும், அம்மாவைக் காவலில் போடுவார்கள், தெயுரியின் படிப்பு அத்தோடு நிற்கும். அம்மா என்னையும் வன்ஜுகுவையும் காட்டி, "இதுங்க ரெண்டு, படிக்கப் போனவன் ஒருத்தன்" என்றாள். அவள் வாயிலிருந்து எண்ணிக்கை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்ற பக்கத்து வீட்டு நியகியோ உட்பட மேட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வஹோமே பிறந்தபோது ஐந்து குலவையில் ஒன்று நியகியோ இட்டது.

தெயுரி படிப்பில் புலி. கம்பாலாவில் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் வெள்ளைக்காரனுக்கு அடங்கிய குடும்பம் என்று எழுதித் தரும் விசுவாசச் சீட்டு இல்லாமல் எங்கள் ஜனங்களில் யாரும் மாவட்டம் தாண்ட முடியாது. சீட்டுக் கொடுப்பவர் சீஃப் கிபுச்சி, வெள்ளைக்காரன் வைத்த தலைவர். அவருக்கு வஹோமேயை நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் உட்கார்ந்து கிதேரி சாப்பிட்டவர்தான். மேட்டிலிருந்து ஒரு பையன் பெரிய படிப்புப் படிக்கட்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் தெயுரியே தன் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்.

"கூடப் பிறந்த ஆம்பளைங்க யாராவது?" என்று கேட்டார் சீஃப், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

தெயுரி அம்மாவைப் பார்த்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"கேக்கறார் இல்ல? பதில் சொல்லு அப்பா" என்றாள் அம்மா.

"இல்லை."

"பொறந்ததே இல்லையா, செத்துப்போயிட்டானா?"

"பொறந்ததே இல்லை."

முத்திரை விழுந்தது. திரும்பி வரும் வழியில் தெயுரி வேலியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான். அம்மா அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "போய்ப் படிச்சுட்டு வா. வந்து திருத்திக்கலாம்" என்றாள். அந்த வார்த்தையை நானும் கேட்டேன், அவனும் கேட்டான்.

வஹோமே செத்த சேதி ஆறு வருஷம் கழித்து வந்தது. காவலிலிருந்து விடுதலையான ஒருவன் வந்து சொன்னான். குண்டடி பட்ட கால் அழுகி, மழைக்காலத்தில், மூங்கில் காட்டுக்குள். எந்த மூங்கில், எந்தச் சரிவு என்று அவனுக்கும் தெரியவில்லை. அம்மா அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் தெயுரி லண்டனிலிருந்து வந்தான். கோட்டு, கண்ணாடி, ஒரு பெட்டி நிறையத் தாள். எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், யார் எவ்வளவு உழைக்கிறார்கள், என்ன விளைகிறது என்று மேடு முழுக்கக் கேட்டு ஆராய்ச்சி செய்யப்போகிறானாம். நான்தான் கூடப் போனேன். எங்கள் பெண்கள் அவனுக்குச் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஏழு பெற்றவள் "ஏதோ ரெண்டு மூணு திரியுது" என்றாள். ஒன்றே ஒன்று பெற்றவள் "ஆண்டவன் குடுத்தது" என்றாள். நியகியோ, "லண்டன்ல உனக்கு வீடு குடுத்த வெள்ளைக்காரி கிட்ட இதைக் கேட்டுட்டு வந்தியா மொதல்ல?" என்றாள்.

"எல்லாரும் புளுகறாங்கடா. நீயும் இந்த மேட்டுல பொறந்தவன்தானே. எண்ணிச் சொல்லுவாங்களா?" என்று நான் கேட்டேன்.

இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தான். யாரையும் கேட்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து, அடுப்பைச் சுற்றிக் கஞ்சி ஊற்றி வைத்திருக்கும் சுரைக்குடுக்கைகளைப் பார்த்து எழுதிக்கொள்வான். எத்தனை குடுக்கையோ அத்தனை பேர். புத்திசாலிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த வழியைத்தான் லண்டனில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். டாக்டர் பட்டம் அதில் வந்தது, பிற்பாடு எல்லா உத்தியோகமும் அதன் மேல் வந்தது.

கடைசியாக எங்கள் வீடு. அம்மா கஞ்சி ஊற்றினாள். தெயுரி விருந்தாளிக் கணக்கில்லை, பிள்ளைக் கணக்கு. அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, வன்ஜுகுவுக்கு ஒன்று. அவன் எழுதினான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பேனா எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதின?"

"பிள்ளைங்க மூணுன்னு, அம்மா."

"வந்து திருத்திக்கலாம்னு சொன்னேனே."

"இது வேற கணக்கும்மா. இப்ப வீட்டுல சாப்பிடற வாயும் உழைக்கிற கையும் மட்டும்தான் இதுல வரும்."

அம்மா அவனையே பார்த்தாள். எண்ணினான் என்று அவளுக்குக் கோபமில்லை. அதைத்தான் அவன் ரொம்ப நாள் புரிந்துகொள்ளவில்லை. "கஞ்சி ஆறுது, குடி தெயுரி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

தெயுரி. அன்றிலிருந்து நாற்பது வருஷம் அவள் அவனை 'அப்பா' என்று கூப்பிடவே இல்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். மரியாதையாக, அன்பாகக்கூட. அமைச்சரானபோது "நல்லா இரு தெயுரி" என்றாள். வேற்று மனுஷர்களுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவன் கண் ஒரு நொடி தாழ்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அவன் கெட்டவனில்லை. மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான், பஞ்சத்து வருஷத்தில் தூங்காமல் தானியம் அனுப்பினான், கை சுத்தம். ஆனால் சுதந்திரம் வந்த புதிதில் காட்டிலிருந்து வந்தவர்களை யாரும் சீந்தவில்லை. சீஃப்களின் பிள்ளைகள்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவனால் சொல்ல முடியவில்லை. பிறகு சொல்ல நேரம் வரவில்லை. பிறகு புத்தகத்தில் அச்சாகிவிட்டது. பொய்யும் நாளாக ஆக வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடுகிறது, யாரும் அதை நகர்த்துவதில்லை.

அம்மா போன ஜூலையில் இறந்தாள். தொண்ணூற்றிரண்டு வயது. கடைசி ஒரு வாரம் நினைவு முன்னும் பின்னுமாகப் போய்வந்தது. தெயுரி வெளிநாட்டில் ஏதோ மாநாட்டில் இருந்தான். அவன் வந்து இறங்கியபோது அம்மாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தோம்.

அடக்கத்துக்கு முதல் நாள் காலை, இருங்கு ஒரு கட்டுத் தாளோடு வந்தான். சீஃப் கிபுச்சியின் மகன், ஆட்சியில் தெயுரிக்கு அடுத்த இடத்தில் இருந்தவன். மரியாதை தெரிந்தவன்தான். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தாள், வழவழப்பாக, அம்மாவின் வண்ணப் படத்தோடு. இறந்தவரின் வாழ்க்கையை அதில் அச்சடித்து, சவக்குழிப் பக்கத்தில் வைத்து வாசிப்பது எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் உண்டு.

"பாருங்க அக்கா, படம் நல்லா வந்திருக்கு" என்றான்.

படம் நன்றாகத்தான் இருந்தது. கீழே படித்தேன். 'மூன்று பிள்ளைகளின் அருமைத் தாய்.' தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பியைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டேன். காவலாளிகள் வாசலோடு நின்றார்கள். நாட்டின் தலைவன் முக்காலியில் உட்கார்ந்தான், அவன் முழங்கால் காதுக்கு வந்தது.

"இது யார் எழுதினது?"

"ஆபீஸ்ல எழுதியிருப்பாங்கக்கா. பழைய புத்தகத்தைப் பார்த்து."

"பழைய புத்தகத்தை யார் எழுதினது?"

அவன் தரையில் கிடந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத் திருத்து" என்றேன்.

"அக்கா, நாளைக்கு அஞ்சாயிரம் பேர் வருவாங்க. இருங்கு முன்னால உட்கார்ந்திருப்பான். அந்தச் சீட்டுல முத்திரை போட்டது அவன் அப்பா. அவனும் அவன் ஆட்களும் போனா ஆட்சி நிக்காது. போதாக்குறைக்கு, நான் பொய்ச் சத்தியம் பண்ணித்தான் படிச்சேன்னு எதிர்க்கட்சிக்காரன் தெருத்தெருவா கத்துவான்."

"கத்தட்டும். உண்மைதானே."

அவன் யோசித்தான். அந்த முகம் எனக்குத் தெரியும். குடுக்கையை எண்ண வழி கண்டுபிடித்த அதே முகம்.

"நிறைஞ்ச மூணுன்னு படிக்கிறேன். நம்ம ஜனங்களுக்குப் புரியும். மத்தவங்களுக்கு மூணாவே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பிலிருந்த கரண்டியை எடுத்துவிட்டேன். எழுபது வயதில், நாட்டின் தலைவனை அடிக்க.

"நிறைஞ்ச மூணாம். அடேயப்பா. கண்ணு படக்கூடாதுன்னு சொல்ற வார்த்தைடா அது. செத்தவன் மேல எந்தக் கண்ணு படப்போகுது? காதை எட்ட உன் தலையைச் சாய்ச்சவன்டா அவன். பேர் சொல்லு. பேர் சொல்ல முடியலைன்னா வாயை மூடிக்கிட்டு உட்காரு."

"அக்கா."

"கேட்டுக்கோ. மண்ணு போடறதுக்குப் பாதிரியார் மூத்த மகன்னு உன்னைக் கூப்பிடுவார். நீ அண்ணன் இடத்துல போய் நின்னு போட்டேன்னா, நான் போடமாட்டேன். அஞ்சாயிரம் பேர் பார்க்கக் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். ஏன்னு எவனாவது கேட்டா சொல்லுவேன்."

அவன் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். வாசலில் காவலாளி ஒருவன் என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்து நகர்ந்து நின்றான்.

மறுநாள் நடுப்பகலில் அடக்கம். கூடாரங்கள், பாடகர் குழு, கறுப்புக் கார்கள். அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து அம்மாவைத் தங்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த மாதிரி பேசினார்கள். மேட்டுப் பெண்கள் முன்னால் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நியகியோவைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்திருந்தார்கள், அவளுக்கு அம்மாவைவிட இரண்டு வயது கூட. நான் குழியின் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தாளைப் படிக்க இருங்கு எழுந்தான். தெயுரி அவன் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டு, தானே போய் ஒலிபெருக்கி முன் நின்றான். அம்மா பிறந்த இடம், திருமணம், ஞானஸ்நானம் எல்லாம் ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்தான். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றினான்.

"இந்தத் தாள்ல கணக்கு ஒண்ணு தப்பா இருக்கு. போட்டவன் நான்தான்" என்றான்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், தலைவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று.

"பிள்ளைங்களை எண்ணிச் சொல்றது நமக்கு வழக்கமில்ல. பெரியவங்க மன்னிச்சுக்கணும். எங்கம்மா பெத்தது நாலு பேர். மூத்தவர் வஹோமே. ஆடு மேய்ச்சு என்னைப் படிக்கவெச்சவர். காட்டுக்குப் போனார், அங்கேயே செத்தார், எங்கேன்னு தெரியாது. எனக்குப் பத்தொன்பது வயசுல, அப்படி ஒருத்தர் பொறக்கவே இல்லைன்னு இந்த வாயால சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சீட்டை வெச்சுத்தான் படிச்சேன். அன்னைக்கு அது பயம். அதுக்கப்புறம் இத்தனை வருஷம் யாரும் என்னை மிரட்டல. எத்தனை இருக்குன்னு எண்ணறதுக்கு லண்டன் வரைக்கும் போய்ப் படிச்சேன். யார் இல்லைன்னு பார்க்க எங்கண்ணன் ஓடைக்கரையில சொல்லிக்குடுத்தார். அதை மறந்துட்டேன்."

பாதிரியார் புத்தகத்தைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது முன்வரிசைப் புல்லிலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. கிழவி நியகியோ. சாவு வீட்டில் குலவை இடக்கூடாது, யாரும் இட்டு நான் கேட்டதில்லை. பல்லில்லாத வாயில் மெலிந்து, நடுங்கி வந்தது. இரண்டாவதில் பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவதில் வன்ஜுகு அழுதுகொண்டே சேர்ந்தாள். எண்ணக்கூடாதுதான். எண்ணினேன். ஐந்து.

இருங்கு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தான். அவன் பின்னால் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். அவன் அப்பாவின் பெயரைத் தெயுரி சொல்லவில்லை, இருந்தாலும் போனான். மூன்று மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது, அது உங்களுக்கே தெரியும்.

பாதிரியார் ஒருவழியாக, "மூத்த மகன்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். தெயுரி குனிந்து ஒரு கைப்பிடி செம்மண்ணை எடுத்தான். குழிக்குப் போகாமல் என்னிடம் வந்தான். கட்டியிருந்த என் கையைப் பிரித்து அதில் மண்ணை வைத்தான்.

"அண்ணன் பேருக்கு நீ போடுக்கா. அந்த இடத்துல நான் நின்னதெல்லாம் போதும்."

போட்டேன். பிறகு என் பங்கைப் போட்டேன். அதற்குப் பிறகு அவன் போட்டான், கடைசியில் வன்ஜுகு.

ஜனங்கள் கலைய ஆரம்பித்தார்கள். அவன் குழிக்குப் பக்கத்தில் குவிந்திருந்த மண்ணிலேயே கோட்டோடு உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனைக் கரண்டியை ஓங்கித் திட்டினேனே, என்னிடமும் ஒன்று மறைவாக இருந்தது. மூன்று நாளாகக் கோபத்தில் அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ இதற்கு லாயக்கில்லை என்று நினைத்து வைத்திருந்தேன்.

"தெயுரி, உங்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றேன். "கடைசி நாள் அம்மா கண்ணைத் தொறந்தா. என்னை அடையாளம் தெரியல. 'லண்டன்லேர்ந்து அப்பா வந்தாச்சா'ன்னு கேட்டா."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பத்தொன்பது வயதில் சீஃப் முன்னால் நடுங்கிய அதே உதடு. பிறகு முழங்காலில் தலையைப் புதைத்துக்கொண்டு அழுதான். காவலாளிகள் வேறு பக்கம் திரும்பி நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து, தலையைத் தூக்காமலேயே கேட்டான். "நீ என்னக்கா சொன்ன?"

"வந்துட்டே இருக்கான்னு சொன்னேன்."